பதிவேடும் மக்கள் நலமும்



ஒரு நகரத்தின் நலத்தைக் காப்பவர் யார் என்று கேட்டால், மருத்துவர் என்றும், செவிலியர் என்றும், தெருவைத் துப்புரவு செய்யும் தொழிலாளர் என்றும் விடை சொல்வோம். அந்த விடை சரியானதே. ஆயினும் அவர்களுக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள் வேண்டும், எந்த மருந்தை எவ்வளவு வாங்க வேண்டும், கொசு ஒழிப்புப் பணியாளரை இன்று எந்த வட்டத்திற்கு அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்பவர் அவர். அவரைச் சுகாதார நிர்வாகி என்கிறோம்.

மருத்துவர் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். நிர்வாகிக்கு அந்த வசதி கிடையாது. 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது அது 426 சதுர கிலோமீட்டர் பரப்பும் 200 வட்டங்களும் உடையதாயிற்று. இவ்வளவு பெரிய ஊரை ஒருவர் தம் கண்ணாலேயே பார்த்து முடிக்க இயலாது. மயிலாப்பூரின் மாட வீதிகளும், தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவும், அடையாற்றங்கரைக் குடியிருப்புகளும் அவருடைய மேசைக்கு எண்களாகவே வந்து சேருகின்றன. இத்தனை பிறப்பு, இத்தனை இறப்பு, இத்தனை காய்ச்சல் என்று வரும் அந்த எண்களே அவர் பார்க்கும் நாடி. அவை பிழையானால் அவருடைய முடிவும் பிழையாகும். அந்தப் பிழையைச் சுமப்பவர்களோ எங்கோ ஒரு தெருவில் இருக்கும் மக்கள். சுகாதாரப் புள்ளிவிவரத்தின் தரம் நிர்வாகத்தை எவ்வாறு ஆக்குகிறது, எவ்வாறு கெடுக்கிறது என்பதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் இளைஞர்களை மனத்தில் வைத்துப் பேசுகிறேன். நாளை இந்த ஏடுகளை எழுதப்போகிறவர்களும் படிக்கப்போகிறவர்களும் அவர்களே அல்லவா?

முதலில், ஒரு மரணம் எவ்வாறு எண்ணாக மாறுகிறது என்பதைப் பார்ப்போம். மயிலாப்பூரில் ஒரு முதியவர் தம் வீட்டிலேயே காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வைத்தியம் பார்த்துவந்த மருத்துவர் ஒரு சான்று எழுதித் தருகிறார். அந்தச் சான்றைப் பெற்றுக்கொண்டு உறவினர் கைலாசபுரம் சுடுகாட்டிற்குச் செல்கின்றனர். தியாகராய நகரில் இருப்பவரானால் கண்ணம்மாப்பேட்டை. அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கத்தாரானால் பெசன்ட் நகர் மின்மயானம். அங்கே ஒரு பதிவு, பிறகு மாநகராட்சியின் சுகாதார அலுவலகத்தில் ஒரு பதிவு, அங்கிருந்து மாநிலத்திற்கு, மாநிலத்திலிருந்து தில்லிக்கு. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாள்களுக்குள் செய்தி தெரிவிக்க வேண்டும். சென்னை மாகாணத்திலோ அதற்கும் முந்தி 1899-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே, ஏடு எழுதும் வழக்கம் நமக்குப் புதியதன்று.

இந்த வழியில் எத்தனை கைகள் எழுதுகின்றன என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு கையிலும் தவறு நேர இடமுண்டு. எனினும் எல்லாவற்றிலும் பெரிய தவறு முதல் கையிலேயே நேர்கிறது. மரணத்திற்குக் காரணம் என்ன என்ற இடத்தில், 'இருதயமும் மூச்சும் நின்றுபோயின' என்று எழுதிவிடுவதுண்டு. யாருக்குத்தான் இறக்கும்போது இருதயம் நிற்காமல் இருக்கும்? அது மரணத்தின் வருணனையே தவிர, காரணம் ஆகாது. பல ஆண்டு நீரிழிவு, அதனால் சிறுநீரகக் கேடு, அதன் விளைவாக இரத்தத்தில் நஞ்சு கூடி மரணம் என்று ஒரு தொடர் இருக்குமானால், அந்தத் தொடரின் அடியில் நிற்கும் நீரிழிவைக் குறிப்பிட்டாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த சான்றுப் படிவம் இந்தத் தொடரையே படிப்படியாகக் கேட்கிறது. கடைசிப் படியை மட்டும் எழுதி விட்டுவிட்டால், நிர்வாகியின் ஏட்டில் நீரிழிவால் இறந்தவர் ஒருவர் குறைகிறார். இப்படி ஆயிரம் பேர் குறைந்தால், நீரிழிவு அவ்வளவு கொடியதன்று என்று ஏடு சொல்லும். அவ்வாறு சொல்லும் ஏட்டைப் பார்த்தவர் நீரிழிவுச் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்குவாரா?

இந்தக் குறையைப் போக்கச் சென்னையில் ஒரு பெருமுயற்சி நடந்தது. 1995 முதல் 1997 வரை நகரில் பதிவான ஏறத்தாழ 48,000 பெரியவர்களின் மரணங்களை மருத்துவர் கஜலட்சுமியும் அவருடன் பணியாற்றியவர்களும் எடுத்துக்கொண்டனர். பயிற்சி பெற்ற பணியாளர் இறந்தவரின் வீட்டிற்கே சென்று, கடைசி நாள்களில் என்ன துன்பம் இருந்தது, காய்ச்சல் எத்தனை நாள், இருமலில் இரத்தம் வந்ததா, மார்வலி எப்போது தொடங்கிற்று என்றெல்லாம் குடும்பத்தாரிடம் பொறுமையோடு கேட்டு எழுதினர். அந்தக் குறிப்பை மருத்துவர்கள் படித்துக் காரணத்தைத் தீர்மானித்தனர். வாய்மொழிப் பிணக்கூறாய்வு என்று இம்முறைக்குப் பெயர். இதன் விளைவாக, 'காரணம் தெளிவில்லை' என்று ஏட்டில் கிடந்த மரணங்களின் பங்கு வெகுவாகக் குறைந்தது. இருதய நோய், புற்றுநோய் முதலியவற்றின் உண்மைப் பங்கு மேலெழுந்து வந்தது. நகரம் அதே நகரம், இறந்தவர்களும் அவர்களே. ஏடு மட்டுமே திருந்தியது. அது திருந்தியதும் நோய்களின் வரிசையே வேறாகத் தோன்றியது.

இவ்வாறு செம்மை செய்த ஏடு இன்னொரு பேருதவியும் செய்தது. சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களின் புகைப் பழக்கத்தை, உயிரோடு இருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டு, 2003-ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. புகை பிடிப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, பிடிக்காதவரைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அது காட்டியது. பீடியும் சிகரெட்டும் நுரையீரல் புற்றுநோயைத் தரும் என்பதை உலகம் முன்பே அறிந்திருந்தது. காசநோய்ச் சாவுக்கும் அவை இவ்வளவு துணைபோகின்றன என்பதைத் தமிழ்நாட்டின் ஏடுகள் எடுத்துக் காட்டின. காசநோய் ஒழிப்பை நடத்தும் நிர்வாகி மாத்திரை கொடுப்பதோடு நில்லாமல் பீடியைப் பற்றியும் பேச வேண்டும் என்பது இதிலிருந்து கிடைத்த பாடம்.

ஏட்டிலுள்ள சொல்லைச் சோதித்துப் பார்க்கும் இவ்வழக்கம் நம் நகரில் இன்னும் பழையது. 1956-ஆம் ஆண்டில் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தோன்றியது. காசநோய் வந்தால் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல உணவும் ஓய்வும் தந்தாலொழியப் பிழைக்க முடியாது என்று கருதப்பட்ட காலம் அது. ஆனால் நோயாளிகள் அத்தனை பேருக்கும் படுக்கை ஏது? ஆகவே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு சாராருக்குச் சானடோரியத்திலும், மற்றொரு சாராருக்கு அவர்களுடைய எளிய வீடுகளிலுமாக ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தனர். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலேயே வைத்து மருத்துவம் செய்ததால் குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் அபாயமும் கூடிவிடவில்லை.

இம்முடிவை உலகம் ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. 'மருந்தை உட்கொண்டேன்' என்று நோயாளி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு அவர்கள் போய்விடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று பார்த்தனர். சிறுநீரைச் சோதித்து மருந்து உடலில் சேர்ந்திருக்கிறதா என்று கண்டறிந்தனர். நோயாளியிடம் நம்பிக்கை இல்லாமையால் அவ்வாறு செய்தார்கள் என்று கொள்ளக் கூடாது. அந்த ஓர் எண்ணைக் கொண்டு பிற்காலத்தில் இலட்சக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சை நடக்கப்போகிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. நாளடைவில் வீட்டிலிருந்தபடியே சிகிச்சை பெறுவது பல நாடுகளில் வழக்கமாயிற்று. உறுதியான எண் கிடைத்தால் நிர்வாகி துணிந்து முடிவு செய்ய முடியும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

இனி அடையாற்றுக்கு வருவோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட புற்றுநோய் நிறுவனம் அங்கே இருக்கிறது. டாக்டர் சாந்தா தம் வாழ்நாள் முழுவதையும் தந்த நிறுவனம் அது. அங்கே 1981-ஆம் ஆண்டில் சென்னை நகருக்கென ஒரு புற்றுநோய்ப் பதிவகம் அமைந்தது. புற்றுநோயைக் கண்டால் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்நாளில் இல்லை. ஆகவே செய்தி தானே வரும் என்று காத்திருக்காமல், பதிவகத்தின் பணியாளரே நகரிலுள்ள மருத்துவமனைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் சென்று ஏடுகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தனர். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் பார்த்து, புற்றுநோயால் இறந்தும் தம் ஏட்டில் இடம்பெறாதவர் எவரேனும் உண்டா என்று தேடினர். அத்தகையோர் பலர் கிடைத்தால், உயிரோடு இருந்தபோது அவர்களைத் தாம் தவறவிட்டது தெரிந்துவிடும். ஒரு பதிவகம் தன்னுடைய குறையைத் தானே அளந்துகொள்ளும் வழி இது.

இதில் உள்ள இடர்ப்பாடுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மயிலாப்பூரில் வாழும் ஒரு பெண்மணி இராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் முதலில் காட்டுகிறார். தியாகராய நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்கிறார். அடையாற்றில் சிகிச்சை பெறுகிறார். மூன்று இடங்களிலும் அவர் பெயர் ஏறுகிறது. ஓர் ஏட்டில் 'ஆர். லட்சுமி', ஆர் என்பது தந்தையின் பெயரைக் குறிக்கும். மற்றோர் ஏட்டில் 'கே. லக்ஷ்மி', அது கணவரின் பெயரைக் குறிக்கும். மூன்றாவதில் வெறும் 'லட்சுமியம்மாள்'. வயது ஓரிடத்தில் 50, ஓரிடத்தில் 52. மூவரும் ஒருவரே என்று கண்டுபிடிக்காவிட்டால் ஒரு நோயாளி மூவராகிவிடுவார். வேறு இருவரை ஒருவரென்று சேர்த்துவிட்டால் ஒரு நோயாளி மறைந்தே போவார். தலைப்பெழுத்து வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் நமக்கு இனியது. ஏடு எழுதுபவருக்கோ அது தினமும் ஒரு புதிர்.

இன்னொன்றும் உண்டு. அடையாற்றுக்குச் சிகிச்சைக்காக வருபவர்கள் சென்னைக்காரர் மட்டுமல்லர். வெளி மாவட்டத்தாரும் ஆந்திரத்தாரும் வருகிறார்கள். அவர்களுக்குச் சிகிச்சை உண்டு. ஆனால் 'சென்னையில் எத்தனை பேருக்குப் புற்றுநோய்' என்று கணக்கிடும்போது அவர்களைச் சேர்த்தால் கணக்குப் பொய்யாகிவிடும். பெரிய மருத்துவமனை இருக்கும் வட்டத்தில் மரணங்கள் மிகுதியாகப் பதிவாவதைப் பார்த்து, அந்த வட்டமே நோய் மிகுந்தது என்று ஒருவர் முடிவு செய்வது எவ்வளவு பேதைமை! இறந்தவர் எங்கே இறந்தார் என்பது ஒரு கேள்வி. எங்கே வாழ்ந்தார் என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் தனித்தனி இடம் ஏட்டில் வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு எழுதியதன் பயன் என்ன? சென்னையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் 1980-களில் கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடம் பெற்றிருந்தது. பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் அதனை முந்திச் சென்றது. இந்த மாற்றம் ஓராண்டில் கண்ணுக்குத் தெரியக்கூடியதன்று. பல ஆண்டுகள் ஒரே முறையில், ஒரே கவனத்தோடு எழுதப்பட்ட ஏடு மட்டுமே அதைக் காட்ட முடியும். அதைப் பார்த்த பிறகே, எந்தச் சோதனையைப் பரப்ப வேண்டும், எந்தப் பயிற்சியைச் செவிலியருக்குத் தர வேண்டும் என்பதை நிர்வாகி ஆராய்ந்து முடிவு செய்ய முடிகிறது.

இதுவரை ஏடு துணைசெய்த கதைகளைச் சொன்னேன். ஏடு கைவிட்ட கதையையும் சொல்லத்தான் வேண்டும். 2020-ஆம் ஆண்டில் கோவிட் கொள்ளைநோய் நம் நகரைத் தாக்கியதை நீங்கள் அறிவீர்கள். நாள்தோறும் மாலையில் அரசு ஓர் எண்ணை வெளியிட்டது. வீடுதோறும் மக்கள் அதற்காகக் காத்திருந்தனர். ஜூன் மாதம் 10-ஆம் நாளன்று, தமிழ்நாட்டில் அதுவரை இறந்தவர்கள் 326 பேர் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டிலோ அந்தப் பட்டியலில் இல்லாத பெயர்கள் இருந்தன. ஒரே நகரம், ஒரே நோய், ஆனால் இரண்டு ஏடுகள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. செய்தித்தாள்கள் இதை எடுத்துக் காட்டின. ஏடுகளை ஒப்பிட்டுப் பார்க்க அரசு ஒரு குழுவை அமைத்தது. ஜூலை 22-ஆம் நாள், மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் நிகழ்ந்து பட்டியலில் விடுபட்டிருந்த 444 மரணங்கள் சேர்க்கப்பட்டன. அன்றைய 74 மரணங்களோடு கூட்ட, மொத்தம் 3,144 ஆயிற்று.

இந்த எண்களை அருகருகே வைத்துப் பாருங்கள். ஜூன் 10 வரை எண்ணப்பட்டவர்கள் மாநிலம் முழுவதிலும் 326. அதே காலத்தில் எண்ணப்படாமல் விடுபட்டவர்கள் இந்நகரில் மட்டும் 444. எண்ணப்பட்டவர்களைக் காட்டிலும் விடுபட்டவர்களே அதிகம்! அந்த வாரங்களில் மரண எண்ணிக்கையை மட்டும் நம்பிப் படுக்கைக்கும் பிராணவாயுவிற்கும் திட்டமிட்ட ஒருவர், நோயின் பாரத்தில் பாதியைக்கூடக் கண்டிருக்க மாட்டார். இன்ன பகுதியில் சாவு குறைவு என்று மக்கள் நினைத்து அச்சமின்றி நடமாடியிருக்கலாம்.

அந்த 444 பேரும் எண்கள் மட்டுமல்லர் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டார் துக்கத்தை அனுபவித்திருந்தும், அரசின் கணக்கில் அந்த மரணம் இல்லாமலே இருந்தது. இங்கே இன்னொரு பக்கத்தையும் நாம் மறந்துவிடலாகாது. அந்தப் பிழை வெளிப்பட்டதே மற்றொரு நல்ல ஏடு இருந்ததனால்தான். மாநகராட்சியின் பழைய, ஆரவாரமற்ற இறப்புப் பதிவேடு தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. அது இல்லாதிருந்தால் அந்த 444 பேரைத் தேடுவதற்கு இடமே இருந்திருக்காது.

இப்போது ஒரு கேள்வி எழும். எண்கள் பிழையாக இருப்பதை அறிந்த நிர்வாகி என்ன செய்வார்? திருத்த முயல்வார் என்று நாம் எதிர்பார்ப்போம். பெரும்பாலும் நடப்பது வேறு. அவர் ஏட்டைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார். சென்ற ஆண்டு எவ்வளவு மருந்து வாங்கினோமோ அதோடு சிறிது கூட்டி இந்த ஆண்டும் வாங்குகிறார். தம் அனுபவத்தையும் ஊகத்தையும் கொண்டு காரியத்தை நடத்துகிறார். மேலிடத்தில் எவரும் தம் அறிக்கையைப் படிப்பதில்லை என்பது கீழே எழுதுபவருக்கு விரைவில் தெரிந்துவிடுகிறது. அவரும் சென்ற மாத எண்ணையே சிறிது மாற்றி இந்த மாதத்திற்கு எழுதி அனுப்புகிறார். அந்த எண்ணைப் பார்த்து நிர்வாகியின் அவநம்பிக்கை மேலும் வளர்கிறது. இப்படி ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டு போகும் சுழல் இது. ஏடு கெட்டதால் அதைப் பயன்படுத்துவார் இல்லை. பயன்படுத்துவார் இல்லாததால் ஏடு மேலும் கெடுகிறது.

இந்தச் சுழலை அறுக்க வழி உண்டா? உண்டு. எழுதப்படும் எண்ணை உண்மையாகவே பயன்படுத்துவதுதான் அந்த வழி. 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை எடுத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் நிறுவனம் அது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. எவ்வளவு மதிப்புள்ள மருந்து அதற்கு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு எடுத்துக்கொண்டது, மிச்சம் எவ்வளவு என்பது அதில் இருக்கும். கிடங்கின் இருப்பும் கணினியில் ஏறுகிறது. இங்கே தவறாக எழுதினால் அதன் விளைவு உடனே தெரியும். நாளைக்கு மருந்து வராது, அல்லது தேவையற்ற மருந்து வந்து குவியும். எழுதுபவருக்கே அந்த எண் வேண்டியிருக்கிறது. ஆகையால் அது பிழைபடும்போது அவரே அதைத் திருத்துகிறார். மேலே போய்த் திரும்பி வராத அறிக்கைக்கும், நாளை தமக்கே உதவப்போகும் ஏட்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே. சுருங்கச் சொன்னால், பயன்படும் ஏடே திருந்தும்.

அச்சமும் ஏட்டைக் கெடுக்கும். இலண்டனில் மரணக் கணக்குகளை முதன்முதலில் முறைப்படி ஆராய்ந்த ஜான் கிரான்ட் என்பவர் 1662-இல் ஒரு நூல் வெளியிட்டார். இறந்தவர் உடலைப் பார்த்துக் காரணம் சொல்ல அந்நகரில் முதிய பெண்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். வெட்கத்திற்குரிய நோயால் ஒருவர் இறந்தால், உறவினர் தரும் மதுவையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு அவர்கள் வேறு நோயின் பெயரைச் சொல்லிவிடுவதை கிரான்ட் கண்டு எழுதினார். மூன்றரை நூற்றாண்டு கடந்தும் மனித இயல்பு மாறிவிடவில்லை. நோய்க் கணக்கு உயர்ந்தால் அதிகாரி கடிந்துகொள்வார் என்று அஞ்சும் ஊழியர் நோயைக் குறைத்து எழுதுவார். அதனால்தான் தாய்மார் மரணங்களை ஒவ்வொன்றாக ஆராயும் முறை 1990-களில் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, எவரைத் தண்டிப்பது என்பதைவிட எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது என்று அறிவதே முக்கியமாயிற்று. வண்டி வரத் தாமதமா, இரத்தம் கிடைக்கத் தாமதமா, வீட்டார் முடிவு செய்யத் தாமதமா என்று கேட்டால் உண்மை வெளிவரும். குற்றவாளி யார் என்று மட்டும் கேட்டால் ஏடு மௌனமாகிவிடும்.

மாணவ நண்பர்களே, நல்ல ஏட்டிற்குச் சில எளிய இலக்கணங்கள் உண்டு. முதலாவது, முழுமை. எல்லா இடங்களிலிருந்தும் செய்தி வர வேண்டும். இங்கே சுழிக்கும் வெற்றிடத்திற்கும் உள்ள வேறுபாட்டை நன்றாக மனத்தில் கொள்ளுங்கள். ஒரு வட்டத்தில் டெங்குக் காய்ச்சல் எவருக்கும் இல்லை என்றால் 0 என்று எழுதலாம். அந்த வட்டத்திலிருந்து அறிக்கையே வரவில்லை என்றால் அதற்கும் 0 போடுவது பெரும் தவறு. அடையாற்றங்கரை வட்டம் ஒன்றிலிருந்து செய்தி வராமையை 0 என்று படித்த நிர்வாகி, கொசு ஒழிப்புப் பணியாளரை வேறு எங்கேனும் அனுப்பிவிடுவார்.

இரண்டாவது, துல்லியம். 1854-இல் இலண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் பதிவு அலுவலகத்திலிருந்து 83 மரணங்களின் விவரத்தைப் பெற்று, அவை நிகழ்ந்த இடங்களை நேரில் சென்று பார்த்தார். ஏறத்தாழ எல்லாமே ஒரு தெருக் குழாய்க்கு அருகில் இருந்தன. முகவரி சரியாக எழுதப்பட்டிருந்ததால்தான் அவரால் அதைக் காண முடிந்தது. நம் ஊர் முகவரியை எண்ணிப் பாருங்கள்: பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று, பிள்ளையார் கோயில் தெரு என்ற பெயரிலோ நகரெங்கும் பல தெருக்கள். எண் எது, பகுதி எது என்று தெளிவாக எழுதாவிட்டால், மருந்தடிக்க வருபவர் நோய் இல்லாத தெருவில் புகை அடித்துவிட்டுப் போவார்.

மூன்றாவது, காலந்தவறாமை. காய்ச்சல் பரவும்போது ஒரு மாதம் கழித்து வரும் துல்லியமான எண், தீ அணைந்தபின் வரும் தண்ணீர் வண்டிக்கு ஒப்பாகும். நான்காவது, பொருத்தம். ஒரே செய்தியை ஐந்து ஏடுகளில் ஐந்து விதமாக எழுதச் சொன்னால் ஐந்தும் மாறுபடும். வீடு வீடாகச் சென்று தாயையும் சேயையும் பார்க்க வேண்டிய செவிலியர், நாளில் பாதியை ஏடு நிரப்புவதில் கழிக்கிறார் என்றால், அந்த ஏடுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே அவற்றின் தரத்தை உயர்த்தும் முதல் வேலை.

கணினி வந்துவிட்டதே, இனித் தவறு நேராதே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். 2023-ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, பிறப்பு இறப்புப் பதிவு நாடெங்கும் மின்னணு முறைக்கு வந்திருப்பது நல்லதே. விரைவு கூடும்; ஓர் ஏட்டை மற்றோர் ஏட்டோடு ஒப்பிடுவதும் எளிதாகும். ஆனால் 'இருதயம் நின்றது' என்று கையால் எழுதினாலும் கணினியில் தட்டினாலும் அது காரணம் ஆகிவிடாது. தவறான செய்தியைக் கணினி இன்னும் வேகமாகத் தில்லிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவே.

உங்களில் பலர் நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ் வீடு வீடாகக் கணக்கெடுக்கச் செல்வீர்கள். சிலர் மருத்துவராவீர்கள், சிலர் செவிலியராகவும் எழுத்தராகவும் ஆட்சியாளராகவும் ஆவீர்கள். கதவு பூட்டியிருந்த வீட்டிற்கு மறுநாள் மீண்டும் செல்லுங்கள். திண்ணையில் உட்கார்ந்து ஊகத்தால் கட்டங்களை நிரப்பிவிடாதீர்கள். தெரியாததைத் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அது நேர்மையான செய்தி. அதைக் கொண்டு நிர்வாகி மீண்டும் விசாரிக்கச் சொல்ல முடியும். நாளை நீங்களே நிர்வாகியானால், உங்கள் மேசைக்கு வரும் எண்ணைப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது, யார் எழுதினார், யார் விடுபட்டிருக்கக்கூடும் என்று கேளுங்கள். எழுதி அனுப்பியவருக்கு அந்த எண்ணால் என்ன முடிவு செய்தீர்கள் என்பதையும் தெரிவியுங்கள். தாம் எழுதிய ஒரு வரியால் தம் தெருவுக்கு ஒரு செவிலியர் கூடுதலாக வந்தார் என்று அறிந்தால், அவர் அடுத்த வரியை இன்னும் கவனத்தோடு எழுதுவார்.